மூன்றாம் விநாடியில் ‘போதும்’

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒன்பது பெண்கள். தொண்டை கொஞ்சம்கூட வலிக்கவில்லை. பக்கத்து டெக்னீஷியனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

நாற்காலி, மேசை, கட்டில் செய்யும் தொழிற்சாலை. மரத்தூள் அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவு பார்க்கிறது. பெயின்ட் டப்பாக் கிடங்கைக் காலி செய்து, நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். ஆளுக்கொரு ஊதல் மெஷின். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழலைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்லி, உள்ளே இருப்பது காலியாகும்வரை ஒரே மூச்சாக வெளியே தள்ளச் சொல்ல வேண்டும். மூன்று முறை. அவ்வளவுதான் என் உத்தியோகம். இதற்குத்தான் அம்மா தெருவில் எல்லாரிடமும் “எங்க வீட்டுப் பொண்ணு நுரையீரல் டாக்டர்” என்று சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுக்கவில்லை. மறுக்க வாய் திறக்க வேண்டுமே.

அந்தப் பக்கத்து டெக்னீஷியன் வாய் திறந்தால் தடுப்பு அதிரும். “ஊது! ஊது! விடாதே! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, தள்ளு!” தொழிற்சாலைக்காரர்கள் அவருக்கு சைரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு மியூட்.

என்னால் அப்படிக் கத்த முடியாது. அம்மா வயதில் ஒருத்தி முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்து நிற்கும்போது எப்படி ‘இன்னும் தள்ளு’ என்று சொல்வது? “போதும்மா, நல்லா ஊதினீங்க” என்று சொல்லிவிடுவேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். எனக்கும்.

கடைசியாக வந்தவர் உப்புத்தாள் பிரிவு அக்கா. மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் பிரிவு அது, எல்லாரும் பெண்கள். அக்காவின் இமையில்கூட மாவு போலத் தூள். சைரனின் கத்தலைக் கேட்டுவிட்டு, “ஏன் கண்ணு, அந்தப் பக்கம் ஆம்பளைங்களுக்குப் பிரசவமா நடக்குது?” என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மூன்றாவது ஊதலுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மேடம் என் தாள்களைப் புரட்டினார். “மூணு ஊதலும் அப்படியே ஒத்துப் போகுது. சைரன் தாள்ல கூட இவ்வளவு சுத்தம் இல்லை.” நாள் முழுக்க அதையே அசை போட்டுக்கொண்டிருந்தேன். பதிலுக்கு நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கணக்குப் போட்டு முடித்தாகிவிட்டது. பெண்கள் ஐம்பத்தெட்டு பேரில் முப்பத்தொரு பேருக்கு நுரையீரல் பிடிக்கும் காற்று, வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆண்கள் எழுபத்தொரு பேரில் ஒன்பது பேருக்குத்தான். மூச்சுக்குழாயில் அடைப்பு பெண்களில் இரண்டே பேருக்குத்தான். நுரையீரலே சுருங்கியிருக்கிறது என்கிற மாதிரி எண்கள்.

மேடம் நாற்காலியில் உட்காரவே இல்லை. “ஒரே கூரை, ஒரே தூள். பெண்களுக்கு மட்டும் சுருங்குது! இது சின்ன விஷயம் இல்லை.” மே மாதம் பெரிய மாநாடு. அதற்கான கட்டுரைச் சுருக்கம் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் போக வேண்டும். மேடம் பெயர், சைரன் பெயர், மூன்றாவதாக என் பெயர். ஜூனில் முடியும் என் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கச் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்தே, “உன் பேரு பேப்பர்ல வருதா? காலையில வர்றதா, சாயந்திரம் வர்றதா?” அப்பா சரக்கு வேன் சாவியைக்கூட ஆணியில் மாட்டாமல், “போட்டோவும் போடுவாங்களாம்மா?” என்றார். இது வேற பேப்பர் என்று விளக்கினேன். “எந்தப் பேப்பரா இருந்தா என்ன, அச்சுல வருதில்ல?” அம்மா பத்தொன்பது வருடமாகப் பாட்டில் கழுவும் ஆலையில் இருக்கிறாள். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டாலும் ஊருக்கே கேட்கும். அடுத்த வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சுவர் சொல்லிவிட்டது.

சின்ன வயதில் அந்தக் குரலுக்காக எத்தனை முறை கூசியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் என் பெயரைக் கூப்பிடுவாள், மொத்தப் பள்ளியும் திரும்பிப் பார்க்கும். நான் மெதுவாகப் பேசக் கற்றது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

உப்புத்தாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். எங்கள் பிரிவு இரண்டாம் மாடி. ஏறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பேச்சே வராமல் நின்றார். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தாராம்.

ஊதல் தாளில் ‘சுருக்கம்’ என்று வந்ததால் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் சுத்தம். டூட்டி டாக்டர் தாளையும் ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க சரியா ஊதியிருக்க மாட்டீங்க. நுரையீரல்ல ஒண்ணும் இல்லை. கவலையை விடுங்க” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாராம்.

“ஒண்ணும் இல்லைன்னா ஏன் கண்ணு எனக்கு மூச்சு வரமாட்டேங்குது? வீட்டுல இவரு, வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்னு சொல்றாரு. சூப்பர்வைசரும் அதையேதான் சொல்றான்.” பிறகு என் கையைப் பிடித்தார். “நான் சரியாத்தானே ஊதினேன்? நீகூட நல்லா ஊதினீங்கன்னு சொன்னியே?”

“ஆமாக்கா” என்றேன்.

அதிலிருந்து ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டேனா இல்லையா என்றே நினைவில்லாமல் மறுபடி போய்ப் பார்த்தேன்.

மார்ச் 16, திங்கள்

சைரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுத்தமாகக் குரல் இல்லை. “கடவுள் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டாரு” என்று தச்சுப் பிரிவே கொண்டாடியது.

ஒரு மாதம் கழித்துச் சிலரை மறுபடி சோதித்து, எண்கள் மாறாமல் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். இன்று அந்த வரிசையில் ஆறு ஆண்கள். சைரன் ஊமையாக உட்கார்ந்திருக்க, நான்தான் செய்தேன்.

ஆறு பேரில் ஐந்து பேருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. ஒரே மாதத்தில்!

வயதான தச்சர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். “போன மாசம் நாலு லிட்டர் இருந்துச்சு. இப்போ மூணேகால். மிச்ச முக்கால் லிட்டரை எவன்மா எடுத்தான்?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தாளைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன்.

சைரன் ஒரு துண்டுச் சீட்டில் ‘மெஷின் கோளாறா?’ என்று எழுதி நீட்டினார். சரியாக மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று இருக்கிறது. அதை மாட்டித் தள்ளினோம். மூன்று லிட்டர் காட்டியது. இன்னொரு முறை. மூன்று லிட்டர். மெதுவாகத் தள்ளினாலும் மூன்று, வேகமாகத் தள்ளினாலும் மூன்று.

மெஷின் சரி. அப்படியென்றால்?

மார்ச் 17, செவ்வாய்

பழைய ஊதல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைசித் தாளில் வரும் எண்களை இல்லை, திரையில் வரும் கோட்டை. எத்தனை விநாடி ஊதினார்கள் என்று.

சைரனின் ஆட்கள்: ஏழு. எட்டு. ஆறரை. பத்து.

என் பெண்கள்: மூன்று. மூன்றரை. மூன்று. நான்கு. மூன்று.

ஐம்பத்தெட்டு பேரும். கோடு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, பாதியில் வெட்டின மாதிரி நிற்கிறது. எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டுப்படுகிறது. நான் ‘போதும்’ என்று சொன்ன இடம்.

குறைந்தது ஆறு விநாடி, அல்லது கோடு படுத்துவிடும்வரை என்று பயிற்சியில் சொன்னார்கள். எழுதியும் வைத்திருக்கிறேன், நோட்டில் முதல் பக்கத்தில், அழகான கையெழுத்தில். மெஷினும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் காட்டியிருக்கிறது. மூன்றும் ஒத்துப்போகிறதே என்று ‘ஏற்றுக்கொள்’ பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மூன்று தடவையும் ஒரே இடத்தில் நிறுத்தினவள் நான்தானே.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அடைப்பு இருப்பவருக்குக் காற்று மெதுவாகத்தான் வரும். மொத்தக் காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வந்தது என்கிற பங்கை வைத்துத்தான் அடைப்பைக் கண்டுபிடிக்கிறோம். மொத்தத்தை நான் பாதியில் வெட்டிவிட்டால் அந்தப் பங்கு கூடித் தெரியும். அடைப்பு மறைந்துபோகும். இல்லாத சுருக்கம் வரும், இருக்கும் அடைப்பு போய்விடும்.

அக்கா சரியாத்தான் ஊதினாங்க. நான்தான் ஊத விடலை.

மார்ச் 18, புதன்

யாருக்கும் தெரியாது. சைரனுக்குத் தெரிந்திருக்குமோ? குரல் வந்ததும் முதலில் என்ன சொல்வார்?

மேடம் மாநாட்டுக்கான கட்டுரைச் சுருக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். கதவு வழியாகப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு வரி எழுதித் தனக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு முறை கதவுவரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரித் திரும்பி வந்தேன். வயிறு முழுக்கத் தண்ணீர்.

மார்ச் 19, வியாழன்

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மாநாட்டில் படிப்பார்கள். கைதட்டுவார்கள். அக்கா சத்து மாத்திரை சாப்பிடுவார்.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாமே. அக்காவை மட்டும் இன்னொரு தடவை ஊத வைத்துப் பார்த்துவிட்டு... என்ன ஒரு தந்திரம். தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டா சோதிக்கப் போகிறேன்?

டூட்டி டாக்டரிடம் போய் மறுசோதனைக்குச் சீட்டுக் கேட்டேன். அவர் தலை நிமிராமலே எழுதிக் கொடுத்தார். நான் கேட்டது அவர் காதில் விழுந்ததே பெரிய விஷயம்.

மார்ச் 20, வெள்ளி

காலை பத்து மணிக்கு அக்கா வந்தார். கிளிப் மாட்டினேன். குழல் கொடுத்தேன்.

முதல் ஊதல்: “ஊதுங்கக்கா, ஊதுங்க...” என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. நான்கு விநாடி. நிறுத்திவிட்டார். போன தடவை நான் பழக்கின இடத்திலேயே நிறுத்துகிறார். “போதுமா கண்ணு?”

“போதாதுக்கா.”

இரண்டாவது: ஐந்து. முகம் சிவந்தது. என் வாய்க்குள் அந்தப் பாழாய்ப்போன சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பல்லைக் கடித்தால் கத்த முடியாது.

சைரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இன்னும் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ‘கத்து, கத்து’ என்று ஆட்டினார். லாரிக்குப் பின்னால் நின்று ரிவர்ஸ் பார்க்கிற ஆள் மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாவது ஊதல். அக்கா இழுத்தார், தள்ளினார். நாலாவது விநாடியில் கோடு தயங்கியது.

“விடாதே! விடாதேக்கா! இன்னும் இருக்கு! தள்ளு, தள்ளு, தள்ளு!”

அது என் குரல் இல்லை. பாட்டில் ஆலைக் குரல். பத்தொன்பது வருட இரைச்சலுக்கு மேலே போகிற குரல். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறு. ஏழு. எட்டு. அக்கா என்னையே பார்த்தபடி ஊதினார், பயந்துபோய். ஒன்பது.

குழலை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “அடிப்பாவி, உனக்குள்ளயும் ஒருத்தி இருக்காளா?”

போன தடவை மொத்தம் 1.9 லிட்டர், முதல் விநாடியில் 1.5. இன்று மொத்தம் 2.7. முதல் விநாடியில் அதே 1.5. பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. தெளிவான அடைப்பு. இன்னும் இரண்டு ஊதல் வாங்கினேன், மாறவில்லை. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடி மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்க வைத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். முதல் விநாடி 1.9.

அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு நீள மூச்சு இழுத்தார். இன்னொன்று. யாரோ ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கு என்றார். இரண்டு வருடமாக இப்படி இழுக்கவில்லையாம்.

டூட்டி டாக்டர் இந்த முறை தலையை நிமிர்த்திப் பார்த்தார். இன்ஹேலர் எழுதினார்.

என் சந்தேகம் தப்பில்லை. அதனால் இனி ஒளிய இடமும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டிவிட்டு, மேடம் “வா” என்று சொல்லும் முன்னே உள்ளே போய், “பெண்களோட ரிசல்ட் தப்பு மேடம். நான்தான் தப்பு” என்றேன். இருக்கிற காகிதத்தையெல்லாம் மேசையில் பரப்பினேன். அக்காவின் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில்.

மேடம் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“எத்தனை பேர்?”

“எல்லாரும் மேடம். ஐம்பத்தெட்டும்.”

“மஞ்சள் முக்கோணம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“வந்தும் அழுத்தினே?”

“அவங்க கஷ்டப்படறதைப் பாக்க முடியலை மேடம்...”

“கஷ்டப்படறாங்கன்னுதானே சோதனை பண்றோம்! உன் நல்ல மனசுக்கு என் ஒரு வருஷம் போச்சு.” சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நானும் கடைசித் தாளைத்தான் பார்த்தேன். ஒரு கோட்டைக்கூடத் திறக்கலை. அழகா வந்துச்சேன்னு விட்டுட்டேன்” என்றார். அது எனக்குச் சொன்னதா, அவருக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

“போ. ஐம்பத்தெட்டு பேர் விலாசம், ஷிஃப்ட் எல்லாம் எடு. மாநாட்டுக்கு ஒண்ணும் அனுப்பலை.”

வெளியே வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்கார்ந்த அதே படி போல.

மார்ச் 24, செவ்வாய்

சைரனுக்குக் குரல் வந்துவிட்டது. முதல் வார்த்தை: “உன் ஊதலெல்லாம் சின்னதா இருக்கேன்னு எனக்கும் ஒரு நினைப்பு இருந்துச்சு. பொம்பளைப் பிள்ளைகிட்ட என்னத்தைப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொல்லியிருக்கலாம்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் பேச்சில்லை. சைரனையே வாயடைக்க வைத்த பெருமை எனக்கு.

மார்ச் 29, ஞாயிறு

அம்மாவிடம் இன்று சொன்னேன். பேப்பரில் பேர் வராது என்று. ஏன் என்றும் சொன்னேன், முழுசாக.

“நீ கத்தாததால வந்ததா?” நம்ப முடியாமல் கேட்டாள். “கத்தறதுக்கு எதுக்குடி படிப்பு? என்கிட்ட கேட்டிருந்தா நானே வந்து கத்தியிருப்பேனே!” அப்பா சிரித்ததில் டம்ளர் கவிழ்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா தாழ்ந்த குரலில் – அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே எனக்கு மறந்திருந்தது – “வேலை போயிடுமா?” என்றாள்.

தெரியலைம்மா.

ஏப்ரல் 8, புதன்

மறுபடி அதே பெயின்ட் கிடங்கு. ஒரு நாளைக்கு நான்கு பேர், அதற்கு மேல் தொண்டை தாங்காது. ஒவ்வொருவரிடமும் முதலில், “போன தடவை நான் பாதியில நிறுத்திட்டேன், என் தப்பு” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் அழுகை வந்தது. இன்று வரவில்லை. வயதான அம்மா ஒருவர் மட்டும், “அப்போ நான் முப்பது நாள் பயந்தது வீணா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஊதவே இல்லை.

ஏப்ரல் 29, புதன்

ஐம்பத்து நான்கு பேர் முடிந்தது. மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள், ஒருவர் வரமாட்டேன் என்றுவிட்டார். சுருக்கம் முப்பத்தொன்றிலிருந்து எட்டாகிவிட்டது. அடைப்பு, முன்பு இரண்டு பேர், இப்போது பதின்மூன்று பேர். மேடம் எல்லாக் கோட்டையும் தானே திறந்து பார்த்தார். “கைதட்டு வாங்கற ரிசல்ட் இல்லை. ஆனா பதினொரு பேருக்கு மருந்து கிடைக்கும்” என்றார். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்டை கட்டியே இருக்கிறது. வீட்டில் உப்பு கேட்டேன். அம்மா திடுக்கிட்டு, “ஏண்டி கத்தறே?” என்றாள்.

மே 14, வியாழன்

இன்று அந்த மாநாடு எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. காலையில் காலண்டரைப் பார்த்தபோது நினைவு வந்தது. பிறகு வேலையில் மறந்துவிட்டது.

பதினொரு மணிக்கு உப்புத்தாள் அக்கா வந்தார். எட்டு வார மருந்துக்குப் பிறகு மறுசோதனை. இரண்டு மாடியும் உட்காராமல் ஏறி வந்தாராம். வாசலில் நின்று அதைத்தான் முதலில் சொன்னார். இப்போது அட்டைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். “தூளு இல்லை, பேச்சுத் துணைக்கு ஆளும் இல்லை. அதுதான் மூச்சு முட்டுது.”

கிளிப் மாட்டினேன். குழல் கொடுத்தேன். அக்கா இழுத்தார், தள்ளினார். நான் கத்தினேன், பக்கத்து அறையில் சைரன் தன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார். ஆறு. ஏழு. எட்டு. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. ஒன்பது. என்னையும் அறியாமல் என் வாய் பழைய சொல்லுக்குத் திறந்தது.

அக்கா குழலை எடுக்காமலே என்னைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். இரு என்று.

கோடு இன்னும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பத்து. பதினொன்று. அவராகக் குழலை எடுக்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.